பதினாலு அடித் தூண்டில்

அவர் பல்செட் செய்கிறவர். ஏழெட்டுப் பல் மருத்துவர்களிடமிருந்து வாயின் அச்சுகள் சிறு பெட்டிகளில் வரும். மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். முப்பது வருடமாக இதே வேலை. தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றுதான் பெயர். “எங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாரு, வாயைப் பார்த்துத்தான் பேசுவாரு” என்பாள் அவர் மனைவி.

நாற்பத்து நான்கு வயதில் அவருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. மீன் பிடிக்கிற பைத்தியம் இல்லை, தூண்டில் கோல் கட்டுகிற பைத்தியம். தங்கையின் கணவர் கடையில் வாங்கிய கோல் ஒன்றை ஒரு நாள் கொண்டுவந்து காட்டினார். நூல் ஓடும் வளையங்களில் ஒன்று மயிரிழை கோணியிருந்தது. வரிசையில் ஒரு பல் திரும்பியிருந்தாலே சாப்பாடு இறங்காத மனிதர் பல்லுக்காரர். கோலை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லா வளையங்களையும் பிரித்து, நேராக வைத்துத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

பின்பக்க பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அடைத்து, ஒரு மேசையும் இரண்டு விளக்குகளும் வைத்துக்கொண்டார். கறுப்புக் கார்பன் தண்டுகளைத் தபாலில் வரவழைப்பார். தண்டின் அடியைத் தரையில் ஊன்றி, நுனியை லேசாக வளைத்து உருட்டினால், ஒரு பக்கம் மட்டும் கையை உதறிக்கொண்டு திரும்பும். தண்டின் விறைப்பான அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துப் பென்சிலால் கோடு போடுவார். வளையங்கள் அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் உட்கார வேண்டும். பிறகு நூல் சுற்றல். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. நகத்தால் நெருக்கி நெருக்கித் தள்ளுவார். மேலே பசை பூசி, நிதானமாகச் சுழலும் ஒரு மோட்டாரில் மாட்டி விடுவார். வழியாமல், திரளாமல், கண்ணாடி மாதிரி இறுகும்.

ஒன்றைக் கட்டி முடிக்க மூன்று மாதமாவது ஆகும். எட்டு வருடத்தில் ஒன்பது கோல்கள். ஒன்றையும் அவர் விற்கவில்லை. தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

தங்கையின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பல்லுக்காரரின் உறவுக்காரர்களுக்கும் அவர் டிரைவர்தான். இருபத்தாறு வருடத்தில் ஒரு கண்ணாடிகூடக் கீறியதில்லை. சாலையில் எழுதி வைத்த எதையும் படிக்காமல் தாண்ட மாட்டார். ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை இருந்தால், அது பத்து வருடத்துக்கு முன் முடிந்த வேலைக்காக வைத்த பலகையாக இருந்தாலும் மெதுவாகத்தான் போவார். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “எழுதினவன் வேலையத்தவனா மச்சான்?” என்பார்.

விடுமுறை நாளானால் வாய்க்கால் கரையில் இருப்பார். பல்லுக்காரரின் பால்கனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு கேலி பேசுவதும் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

“நீங்க ஒரு கோல் கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த மீன் பேரன் பேத்தி எடுத்துடும் மச்சான்.”

“எடுக்கட்டும். அவங்களைப் பிடிங்க.”

“ஊர்ல அவனவன் ஒண்ணொண்ணு வாங்கிட்டான். சொந்த மாப்பிள்ளைக்கு இன்னும் அந்தக் கடைக்கோல்தான்.”

“கேட்டாத்தானே.”

“கேக்கறேன். வர்ற மாசம் எனக்கு அம்பது முடியுது. நீளமா வேணும். எதிர்க்கரை நாணல் ஓரத்துலதான் பெருசுங்க கிடக்கு. என் கோல் அங்க வரைக்கும் எட்டல.”

பல்லுக்காரர் பதினாலு அடித் தண்டு ஒன்றை வரவழைத்தார். இரண்டு துண்டாக வந்து நடுவில் பொருந்துவது. அதுவரை அவர் கட்டியதெல்லாம் ஏழடி, எட்டடிதான். ஐம்பது முடிவதற்கு ஐந்து வாரம் இருந்தது. முன்போல ஆடி அசைந்து செய்ய நேரமில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பால்கனிக்குள் போய்விடுவார். நீலநூல், ஓரத்தில் வெள்ளி இழை. டிரைவர் ஓட்டும் பேருந்தின் நிறம் அது. கைப்பிடிக்குத் தக்கை வளையங்களை அடுக்கி ஒட்டி, தேய்த்து, டிரைவரின் கடைக்கோல் கைப்பிடியை அளவெடுத்து அதே பருமனுக்குக் கொண்டுவந்தார்.

கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, தண்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. முக்கோணத்துக்குள் மின்னல், கீழே பொடி எழுத்தில் மூன்று வரி. கார்பனில் மின்சாரம் பாயும், மின்கம்பிக்கு அருகில் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். எல்லாத் தண்டிலும் அது இருக்கும். முதல் தண்டு வந்தபோது அவர் அதைப் படித்திருக்கிறார். அடுத்தடுத்து வந்தவற்றில் படிக்கவில்லை. மஞ்சள் நிறம் எந்த நூலோடும் சேராது. மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்து, மீதிப் பசையை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிடுவார். ஒன்பது கோல்களிலும் அப்படித்தான். பத்தாவதிலும் செய்தார். அந்த இடம் பளபளவென்று வந்ததும், வெள்ளை மையில், பல்செட்டின் அடியில் எண் எழுதுகிற மெல்லிய தூரிகையால், ‘டிரைவர்’ என்று எழுதினார். மேலே பசை பூசினார்.

இந்த முறை அவருக்கு ஒரு நினைவு வந்தது. நீளமான கோல், கையில் கொடுக்கும்போது கம்பி விஷயத்தை வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்தது உண்மை. பின்னாளில் அவர் அதிகமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டது இதைப் பற்றித்தான்.

பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆள். பேருந்துப் பணிமனையிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். டிரைவர் உறையைப் பிரித்து, துண்டுகளைப் பொருத்தி, கூடத்தில் நிமிர்த்தப் பார்த்தார். நுனி கூரையில் இடித்தது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லித் தங்கை ஓடினாள். எல்லோரும் சிரித்தார்கள். தன் பெயர் எழுதியிருந்த இடத்தை டிரைவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“மச்சான், இதைத் தண்ணிக்குக் கொண்டுபோக மனசு வராது போல இருக்கே” என்றார் பிறகு.

“அலமாரியில வைக்கிறதுக்கா கட்டினேன்?”

அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். பல்லுக்காரர் அன்று சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வீடு திரும்பினார்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கீழ்ச்செட் ஒன்றை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேருந்துப் பணிமனை மெக்கானிக். டிரைவரோடு மீன் பிடிக்கப் போகிறவர்.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

“யாருக்கு என்ன?”

“வாங்கண்ணே. உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வந்துடுங்க.”

நடந்தது சிறிய விஷயம்போல இருந்தது. காலையில் ஓரிடத்தில் மீன் கடிக்கவில்லை. டிரைவர் கோலைக் கழற்றாமல் தோளில் சாய்த்துக்கொண்டு வேறிடம் பார்த்து நடந்திருக்கிறார். வாய்க்காலைக் குறுக்கே தாண்டிப் போகும் உயர் அழுத்தக் கம்பி அந்த இடத்தில் தொய்ந்திருந்தது. கரை மேடேறுகிற இடமும் அதுதான். மெக்கானிக் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

“சொல்லிக்கிட்டே போனாரு, ‘அந்த நாணல்கிட்ட ஒருத்தன் இருக்கான், எனக்காகத்தான் காத்திருக்கான்’னு. மேட்டுல காலை வெச்சாரு. டப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். நான் கிட்டப் போகல அண்ணே. போகக் கூடாதுன்னு தெரியும். நின்னுட்டே இருந்தேன்.”

தங்கை அழவில்லை. பிணவறை வாசலில் இருந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, கணவரின் செருப்பு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, “அவரு செருப்புல ஓட்டை விழுந்திருக்கு அண்ணா, பாரு” என்று காட்டினாள். உள்ளங்கால் பக்கம், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு சின்னத் துளை. மின்சாரம் வெளியேறிய இடம். பல்லுக்காரர் பையை வாங்கி மூடினார்.

அவளுக்குக் குழந்தை இல்லை. அப்பா அம்மா போய்ப் பல வருடம். முதல் ஒரு மாதம் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். வீட்டில் யாரும் பால்கனிப் பக்கம் போகவில்லை. அவள் பேசினால் கம்பியைப் பற்றித்தான் பேசுவாள். அங்கே கம்பி தொங்குகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு முறை மின்சார அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. “எழுதிக் கொடுத்ததை ஒருத்தன் படிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரு” என்பாள். தானே மனு எழுதினாள். அலுவலகம் அலுவலகமாக அண்ணன்தான் கூடப் போனார்.

இரண்டாவது வாரத்திலேயே அவர் ஸ்டிக்கரை உரித்ததை மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி நீண்ட நேரம் தட்டு கழுவிக்கொண்டே இருந்தாள்.

“அவகிட்ட சொல்லணும்” என்றார்.

“சொல்லி? டிரைவர் எழுந்து வரப் போறாரா?”

“அதுக்கில்ல.”

“அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர். அதையும் எடுத்துடாதீங்க. உங்க மனசு லேசாகறதுக்கு அவ தலையில கல்லைத் தூக்கிப் போடாதீங்க.”

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டது சுலபமாகவும் இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

நான்காவது மாதம் விசாரணை வைத்தார்கள். நீள மேசை, மேலே ஒரு குழல் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. மின்சார அலுவலகப் பொறியாளர், மெக்கானிக், போலீஸ்காரர் ஒருவர், தங்கை. கோலைக் கட்டியவர் என்ற முறையில் பல்லுக்காரருக்கும் கடிதம் வந்திருந்தது. தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். போலீஸ்காரர் கோலை ஒரு நீளத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினார். மேல் துண்டு பிளந்து, இழைகள் துடைப்பம்போல விரிந்திருந்தன. கைப்பிடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடிக்கு மேலே பசை கருகிக் குமிழ் குமிழாகப் பொங்கிப் போயிருந்தது. அங்கே எழுத்து இருந்ததென்று சொன்னால்தான் தெரியும்.

பொறியாளர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

“கம்பி இருக்க வேண்டியதைவிட ரெண்டு அடி தாழ்ந்திருந்தது மேடம். அதை நாங்க மறுக்கல. ஆனா இந்தத் தண்டு செய்யற கம்பெனி ஒவ்வொண்ணுலயும் எச்சரிக்கை ஒட்டித்தான் அனுப்புது.” நீள உறையிலிருந்து புதிய தண்டு ஒன்றை எடுத்து, மஞ்சள் ஸ்டிக்கர் மேலே தெரியும்படி வைத்தார். “இது கையில பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கு. கண்ணுல படாமப் போக வாய்ப்பே இல்ல. இறந்தவர் அதைப் பொருட்படுத்தல. எங்க தப்பு பாதின்னா, அவர் கவனக்குறைவு பாதி.”

அதிகாரி தங்கையைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

தங்கை எழுந்தாள். “எங்க வீட்டுக்காரர் எழுதியிருக்கறதை மதிக்காத ஆளு இல்ல மேடம். மாத்திரை வாங்கினா அந்தக் காகிதத்தை ரெண்டு பக்கமும் படிச்சிட்டுத்தான் முழுங்குவாரு. இது இருந்திருந்தா அவரு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாரு.”

“இருந்துச்சும்மா. அதைத்தான் சொல்றோம்” என்றார் பொறியாளர்.

“அப்படின்னா...” தங்கை மேசையில் கிடந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. “அப்படின்னா, ஏன் அப்படிப் பண்ணாருன்னு எனக்குத் தெரியல.”

அந்த நான்கு மாதத்தில் அவள் ஒருமுறைகூடக் கணவரைச் சந்தேகப்பட்டதில்லை. இப்போது பட்டாள். அதிகாரி பேனாவை எடுத்தார். பல்லுக்காரர் தான் எழுந்து நின்றுவிட்டதைப் பிறகுதான் உணர்ந்தார்.

“அதுல ஸ்டிக்கர் இல்ல மேடம்.”

“என்ன?”

“நான் உரிச்சிட்டேன். கட்டும்போதே. அவருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. வாயாலயும் நான் சொல்லல.”

அதிகாரி அவரை உட்காரச் சொல்லி, பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டு எழுதினார். ஏன் உரித்தீர்கள் என்று கேட்டார்.

“நிறம் ஒத்துப்போகல” என்றார்.

எழுதிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி எழுதியது. தங்கை அவர் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது, அவள் மெக்கானிக்கின் வண்டியில் ஏறிப் போயிருந்தாள். அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. பூட்டிக் கிடந்த தன் வீட்டுக்கே போய்விட்டாள். அவளுடைய துணிமணிகளை மனைவிதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். “என்ன சொன்னா?” என்று கேட்டதற்கு, “தண்ணி குடுத்தா” என்றாள்.

பல்லுக்காரர் மற்ற ஒன்பது பேர் வீட்டுக்கும் போனார். பூட்டுக்கடைக்காரர், மருந்தகத்து ஆள், இப்படி ஒவ்வொருவராக உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். சிலர் அவரைத் தேற்றினார்கள். அது தாங்க முடியாததாக இருந்தது. மருந்தகத்து ஆள் மட்டும் உள்ளே போய்க் கோலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினார். அவர்மேல்தான் பல்லுக்காரருக்கு மரியாதை வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வந்தாள். அண்ணி காபி போடட்டுமா என்றதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள். நேராகப் பால்கனிக்குப் போய் நின்றாள். பிரிக்காத தண்டு ஒன்று மூலையில் உறையோடு சாய்ந்திருந்தது.

“எப்படி உரிச்சே?”

“எதுக்கும்மா இப்ப?”

“காட்டு.”

அவர் உறையைப் பிரித்தார். ஹேர் டிரையரை எடுத்து வந்து சூடு காட்டினார். ஓரம் சுருண்டது. நகத்தால் கிளப்பி இழுத்தார். முழுசாக வந்துவிட்டது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார்.

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு நிமிஷம்கூட ஆகல” என்றாள். “நான் அரைமணி நேரமாவது ஆகும்னு நினைச்சேன். அவ்வளவு நேரம் பண்ணும்போது ஒரு தடவையாவது உனக்குத் தோணியிருக்கணுமேன்னு.”

“தோணுச்சும்மா” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். “சொல்லணும்னு நினைச்சேன். அன்னைக்கு வீட்டுல கூட்டம். மறந்துட்டேன்.”

அவள் அந்த மஞ்சள் ஸ்டிக்கரை மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மூன்று வரியையும் உதடு அசையப் படித்தாள். திரும்ப வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அறிக்கை வர ஏழு மாதம் ஆனது. அன்று பல்லுக்காரர் வேலை செய்யும் இடத்துக்கே போன் வந்தது. தங்கையின் குரலைக் கேட்டு இவ்வளவு நாள் ஆகியிருந்ததால், ஒரு நொடி யாரென்று தெரியவில்லை.

“அறிக்கை தபால்ல வந்திருக்கு. படிக்கிறேன், கேளு” என்றாள்.

நான்கு பக்கம். அவள் நிறுத்தி நிறுத்தி, ஒரு வரி விடாமல் படித்தாள். கம்பியின் உயரம், தோட்டக்காரர் கொடுத்த இரண்டு மனுக்களின் தேதி, காற்றின் ஈரம், உடலில் மின்சாரம் நுழைந்த இடம், வெளியேறிய இடம். மூன்றாம் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு பத்தி வந்தது. ‘இறந்தவரின் மனைவியின் சகோதரர், தோற்றத்தை முன்னிட்டு எச்சரிக்கையை அகற்றியதாகத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டார்.’ அதையும் அதே குரலில் படித்தாள். கடைசியில் கம்பியைத் தொய்யவிட்டதற்காக மின்சார அலுவலகத்தின் மேல் நடவடிக்கை என்றும், எச்சரிக்கையை அகற்றியது வருத்தத்துக்குரியது என்றும் இருந்தது. ‘இறந்தவரின் தரப்பில் கவனக்குறைவு எதுவும் இல்லை’ என்பது கடைசி வரி.

“நீ அன்னைக்கு எந்திரிக்கலேன்னா இந்த வரி வந்திருக்காது” என்றாள். “அது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு நினைச்சுக்காதே.”

“ம்.”

“ஆனா உன் முகத்தைப் பார்த்தா எனக்கு அவரு கோலைத் தடவிப் பார்த்ததுதான் ஞாபகம் வருது. பார்க்க முடியல அண்ணா. இனிமே முடியுமான்னும் தெரியல. அண்ணியை வரச் சொல்லு. நீ வராதே.”

“சரிம்மா.”

“சாப்பிட்டியா?”

அந்தக் கேள்வி பழக்கத்தில் வந்துவிட்டது என்று இருவருக்குமே தெரிந்தது. அவர் பதில் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அவர் ரிசீவரை வைத்துவிட்டு நின்றார். வாசலில், பல் மருத்துவர் ஒருவர் நேரில் அனுப்பிவைத்த முதியவர், பல்லில்லாத வாயைக் கைக்குட்டையால் மறைத்தபடி, காலையிலிருந்து காத்திருந்தார். பல்லுக்காரர் அவரை உள்ளே வரச் சொன்னார்.